கிணற்றுக்குப் பன்னிரண்டு மீட்டர்

ஜூலை 8

வாகைமேடு ஜங்ஷனுக்கு வந்து சேர்ந்தேன். லாட்ஜில் ஃபேன் சுற்றுகிறது, காற்று வரவில்லை. சொன்னால், "புது ஃபேன் சார்" என்கிறான் மேனேஜர். புது ஃபேன் என்றால் காற்று வரக்கூடாதா?

வேலை இது. ரயில் எஞ்சின்களுக்கு டீசல் நிரப்பும் இடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டும். ஒரு சொட்டு டீசல்கூட மண்ணில் இறங்கக்கூடாது. வரைபடம் என்னுடையது. கையெழுத்தும் என்னுடையது, முதல் தடவையாக.

பழைய இடத்தைப் பார்த்தேன். தண்டவாளங்களுக்கு நடுவே இருப்பதை மண் என்று சொல்ல முடியாது. செருப்பு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது. ஐம்பது வருடமாக எஞ்சின் வருகிறது, டாங்க் நிறைகிறது, மிச்சம் வழிகிறது, எஞ்சின் போகிறது. அவ்வளவுதான் இங்கே நடந்திருக்கும் நிர்வாகம்.

மதிலுக்கு அந்தப் பக்கம் ரயில்வே காலனி. நாற்பது வீடு, ஒரே கிணறு. கிணற்றில் எண்ணெய் தட்டுப்பட்டால் அன்றைக்கே சீல் வைப்போம் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. சீல் வைத்தால் வாரம் ஒரு முறை வரும் லாரித் தண்ணீர்தான் கதி. இதுவரை கிணறு சுத்தம். எத்தனை நாளைக்கு என்பதுதான் கேள்வி.

டீசல் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினியர் குருபாதம். ஐம்பதைத் தாண்டியவர். சட்டைப் பையில் நான்கு பேனா, ஒன்றும் எழுதுவதில்லை.

"எத்தன மாசத்துல முடிப்பீய?" என்றார்.

"மூணு."

"மூணு மாசத்துல இங்க பல்பு மாத்துத ஃபைல் மேசைய விட்டே எறங்காது தம்பி."

இறங்க வைப்பேன் என்றேன். சிரித்தார். இவரோடு மூன்று மாதம்.

ஜூலை 11

காலை ஆறரைக்கு ஒரு சரக்கு எஞ்சின் வந்தது. நிரப்பும் குழுவில் ஐந்து பேர். முன்னால் நிற்பவர் முத்துராக்கு. முப்பத்தெட்டு வயது. கணவர் பணியிலிருக்கும்போதே இறந்துபோக, வேலை இவருக்கு வந்திருக்கிறது. வீடு காலனியில். குழாயை டாங்க் வாயில் செருகிவிட்டு எஞ்சினின் வயிற்றில் காதை வைத்துக்கொண்டு நின்றார்.

"என்ன கேக்கீங்க?" என்றேன்.

"டீசல் மேல ஏறுதத கேக்கேன்."

"அளவுக் கண்ணாடிதான் இருக்கே."

"அது போன ஆட்சியிலயே செத்துப்போச்சு சார்."

ஐயாயிரம் லிட்டர் டாங்க். திடீரென்று கையைத் தூக்கினார், பம்ப் நின்றது. நான் அளவுகோலை விட்டுப் பார்த்தேன். விளிம்புக்கு நான்கு விரல் கீழே. அடுத்த எஞ்சினுக்கும் அதே நான்கு விரல். ஒரு மில்லிமீட்டர் முன்பின் இல்லை.

காதை நம்பி நான் வரைபடம் போட முடியாது. மற்ற ஷிப்டுகளில் இந்தக் காது இல்லை என்பதற்குத் தரையே சாட்சி. நிறைந்ததும் தானாக நிற்கும் குழாய்முனை போடப்போகிறேன். ஆனாலும் மூன்றாவது எஞ்சின் வந்தபோது வேலையை விட்டுவிட்டுப் போய் நின்று பார்த்தேன். நான்கு விரல்.

ஜூலை 19

யார்டுக்கும் கிணற்றுக்கும் நடுவே ஒரே வரிசையில் மூன்று துளை போட்டோம். துளை போடுகிற ஆள் இரண்டு நாள் தாமதம். அவன் சொன்ன காரணத்தை எழுதுவது மையைக் கெடுப்பது.

முதல் துளையில் ஏழு மீட்டரில் தண்ணீர். கண்ணாடிக் குழாயைக் கயிற்றில் கட்டி இறக்கி மேலே எடுத்தேன். வெயிலில் தூக்கிப் பிடித்தேன். அடியில் தண்ணீர். அதன் மேல் ஒரு சாண் உயரத்துக்குத் தேன் நிறத்தில் டீசல். இரண்டுக்கும் நடுவே ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி ஒரு கோடு. பாடத்தில் நூறு தடவை படித்தது. படித்ததற்கும் கையில் கனப்பதற்கும் சம்பந்தமே இல்லை.

குருபாதம் குனிந்து பார்த்து, "இது எந்த வருசத்துச் சரக்கு தம்பி?" என்றார்.

இரண்டாவது துளையிலும் இருக்கிறது. மூன்றாவதில் எண்ணெய்ப் படலம் மட்டும், மயில் கழுத்து நிறத்தில்.

நமக்குக் கீழே ஒரு குளம் கிடக்கிறது. அதன் மேல் நின்றுதான் தினமும் டீ குடித்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

ஜூலை 22

கணக்குப் போட்டேன். முதல் டீசல் எஞ்சின் இந்த ஊருக்கு வந்து ஐம்பது வருடம். அன்றைக்குச் சிந்தியது மண்ணுக்குள் நூற்றிருபத்தைந்து மீட்டர் நகர்ந்து மூன்றாம் துளைக்கு வந்திருக்கிறது. வருடத்துக்கு இரண்டரை மீட்டர். அங்கிருந்து கிணற்றுக்கு நாற்பது மீட்டர். பதினாறு வருடம்.

மூன்றாம் துளையில் என் விரலில் ஒட்டிய எண்ணெயைச் சிந்தியவர் இப்போது உயிரோடு இருக்கிறாரோ என்னவோ. அவர் கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். அது மட்டும் நிற்கவில்லை. நான் பிறந்தபோது அது பாதி வழியில் வந்துகொண்டிருந்தது.

இரண்டு தடவை சரிபார்த்தேன். கணக்கு சரி. சாப்பிடப் போக மறந்துவிட்டேன்.

ஜூலை 24

சிமெண்ட் விலைப்பட்டியல் வரவில்லை. மூன்று முறை போன் செய்தேன். மூன்று முறையும் "அனுப்பியாச்சு".

ஆகஸ்ட் 5

வரைபடம் முடிந்தது. சுருக்கமாக எழுதிவைக்கிறேன்.

எஞ்சின் நிற்கும் இடம் முழுக்க கான்கிரீட் தளம், தண்டவாளத்துக்கு நடுவே இரும்புத் தட்டு. சிந்துவதும் மழைநீரும் ஓரக் கால்வாய் வழியாக ஒரு தொட்டிக்குப் போகும். தொட்டிக்குள் தடுப்புச் சுவர்கள். தண்ணீர் மெதுவாக நகரும்போது எண்ணெய் மேலே மிதந்து தனியாகத் தங்கிவிடும், சுத்தத் தண்ணீர் அடியில் வெளியேறும். டீசல் சேமிப்புத் தொட்டிகளைச் சுற்றி, உடைந்தாலும் முழுவதையும் தாங்கும் சுவர். முதல் துளையில் ஒரு பம்ப், பழைய டீசலைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும்.

இதெல்லாம் யாரும் செய்வது. இனிமேல் வருவது நான் யோசித்தது. தொட்டியிலிருந்து வரும் சுத்தத் தண்ணீரைச் சாக்கடையில் விடுவானேன்? கிணற்றுக்கு இந்தப் பக்கம் பன்னிரண்டு மீட்டரில் ஜல்லி நிரப்பிய ஆழமான குழி வெட்டி அதில் இறக்குகிறேன். நிலத்தடியில் அங்கே தண்ணீர் மேடுகட்டி நிற்கும். நகர்ந்து வரும் டீசலுக்கு அது ஒரு சுவர். தண்ணீரால் கட்டிய சுவர்!

குருபாதம் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கெணத்துப் பக்கத்துலயா குழி வெட்டுதீய? தொட்டி என்னைக்காவது சரியா வேல செய்யலேன்னா?"

"செய்யும்."

"செய்யலேன்னா?"

"சார், எண்ணெய் தண்ணில மிதக்கும். அது இயற்கை விதி. லீவு போடாது."

செப்டம்பர் 6

கான்கிரீட் போட்டோம். காலை ஐந்திலிருந்து மதியம் மூன்றுவரை நிறுத்தாமல். தோள்பட்டை கழன்றுவிட்டது. இட்லி ஒன்பது.

செப்டம்பர் 28

தொட்டிக்குச் சோதனை. ஒரு வாளி டீசலை வேண்டுமென்றே தளத்தில் கொட்டி, குழாய்த் தண்ணீரை விட்டோம். தொட்டியில் எண்ணெய் சாதுவாக மேலே ஏறி ஒதுங்கியது. வெளிவாயிலில் வந்த தண்ணீரை டம்ளரில் பிடித்தேன். அந்தப் பக்கம் நின்ற முத்துராக்குவின் முகம் அதற்குள் தெரிந்தது.

அவர் டம்ளரை வாங்கி மோந்து பார்த்தார். "ஒண்ணுமே இல்ல சார்" என்றார். பிறகு தொட்டியை எட்டிப் பார்த்து, "யாரு சொல்லி இது தனியா போவுது?" என்றார்.

யாரும் சொல்லவில்லை. அதுதான் அதன் அழகு என்று எனக்கு இன்றைக்குத்தான் தோன்றியது.

அக்டோபர் 13

பதினாறாம் தேதி பெரிய அதிகாரி வந்து திறக்கிறார். ரயில்வேயில் ஆய்வு என்றால் என்ன நடக்கும் என்று இப்போதுதான் பார்க்கிறேன். மூன்று நாளாக வேறு வேலையே இல்லை. மரத்துக்குக் காவி, கல்லுக்கு வெள்ளை, கம்பத்துக்குக் கறுப்பு. "அசையாம நின்னா நாய்க்கும் அடிச்சிருவானுக" என்கிறார் குருபாதம்.

எல்லாம் பளபளக்கிறது, நான் கட்டிய தளம் மட்டும் கறை கறையாக இருக்கிறது. இரண்டு வாரமாக எஞ்சின் நின்று நிரப்பிய இடம், வேறெப்படி இருக்கும். ஆனாலும் பார்க்கச் சகிக்கவில்லை. நாளைக்குள் முகம் தெரிய வேண்டும் என்று குழுவிடம் சொல்லிவிட்டேன்.

கடைக்குப் போனேன். பிளேடு, தயிர், ஷூ பாலிஷ், சோப்புத்தூள் பத்து பாக்கெட், கொசுவத்தி.

அக்டோபர் 14

தளம் புதுப் பாத்திரம் போல இருக்கிறது. ஐந்து பேரும் காலையிலிருந்து விளக்குமாறு போட்டுத் தேய்த்தார்கள்.

மதியம் முத்துராக்கு வந்து, "சார், குழிக்குப் போற தண்ணி பால் மாதிரி வருது" என்றார். அழைப்பிதழில் என் பெயரைத் தப்பாக அச்சடித்திருந்ததைத் திருத்திக்கொண்டிருந்தேன். நுரைதான், ஒன்றுமில்லை, போய்விடும் என்றேன்.

"நுர மேல நிக்கும் சார். இது உள்ளயே வெள்ளையா இருக்கு."

சாம்பிள் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள் என்றேன், அவர் போகட்டும் என்பதற்காக.

அக்டோபர் 15

காலை பத்தரைக்கு ஆய்வகத்திலிருந்து போன். லிட்டருக்குப் பத்து மில்லிகிராம் எண்ணெய்க்கு மேல் இருக்கக்கூடாது. இருப்பது முந்நூற்று நாற்பது. "பாட்டிலை மாத்தி அனுப்பிட்டீங்களா?" என்று கேட்டார் அந்த அம்மா.

ஓடிப்போய்த் தொட்டியைப் பார்த்தேன். மேலே எண்ணெயே இல்லை. எல்லாம் போய்விட்டது.

சோப்பு டீசலைப் பொடிப்பொடியாக உடைத்துவிடும். அவ்வளவு சிறிதாக உடைந்தால் அது மிதக்காது. தண்ணீரோடு தண்ணீராகக் கலந்து எந்தத் தடுப்பையும் தாண்டிவிடும். தட்டு கழுவுகிறவர்களுக்கெல்லாம் தெரிந்த விஷயம். இரண்டு வாரத்துக் கறையும், தொட்டியில் பிரிந்து நின்ற எண்ணெயும் சேர்ந்து வெள்ளைத் தண்ணீராகக் குழிக்குள் இறங்கியிருக்கின்றன. பதினாறு வருடம் கழித்து வரவேண்டியதை ஒரே நாளில், கிணற்றுக்குப் பன்னிரண்டு மீட்டரில், நாமே கொண்டுபோய் ஊற்றியிருக்கிறோம்.

ஊழியர்களுக்குச் சரியான பயிற்சி இல்லை. கையேட்டில் இதைச் சேர்க்க வேண்டும்.

தொட்டியின் வெளிவாயிலை அடைத்துவிட்டேன். நாளைக்கு ஆய்வு. வானம் தெற்கே கறுத்திருக்கிறது.

அக்டோபர் 16

காலை ஏழு மணிக்கே குருபாதம் அறைக்குப் போனேன். ஆய்வகம் தந்த அளவைச் சொன்னேன். முதலில் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார், பிறகு உட்கார்ந்தார், பிறகு வெள்ளைத்தாளை எடுத்தார். நான்கு பேனாவையும் உதறிப் பார்த்துவிட்டு என்னுடையதை வாங்கினார். குழுவை வரச்சொன்னார். ஐந்து பேரும் வந்து சுவரோரம் நின்றார்கள்.

"ஏ முத்துராக்கு, சோப்ப எவன் போடச் சொன்னான்? ஒங்க அஞ்சு பேருக்கும் விளக்கம் கேட்டு எழுதுதேன், பதில் சொல்லுங்க. இது வேலைக்கே உலை வைக்குத சமாச்சாரம், தெரியுமா?"

முத்துராக்கு பதில் சொல்லவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. குருபாதம் ஐந்து பெயரில் மூன்றை எழுதி முடித்திருந்தார்.

அதை எழுத வேண்டாம் என்றேன். ஏன் என்றார். சொன்னேன்.

வெளியே ஒரு எஞ்சின் ஹார்ன் அடித்தது. அவர் தாளை நான்காக மடித்து மேசைக் கால் ஆடாமல் இருக்க அடியில் செருகினார். "படிச்ச முட்டாள்னு கேள்விப்பட்டிருக்கேன். பாக்குறது இன்னைக்குத்தான்" என்றார். பிறகு, "என்ன செய்யணும், அத சொல்லும்."

மழை வருமுன் குழியைத் தோண்டி எடுக்க வேண்டும், ஜல்லி, அடிமண், எல்லாம். ஆய்வை நிறுத்த வேண்டும். பெரிய அதிகாரியிடம் நானே போனில் சொன்னேன். அவர் பேசியதை எழுதப்போவதில்லை. ஒரு மண் அள்ளும் இயந்திரம் அனுப்பினார்.

அக்டோபர் 17

தோண்டினோம். இயந்திரம் மேலே எடுக்க, ஓரங்களை ஆட்கள் மண்வெட்டியால். நான் இறங்கியபோது யாரும் தடுக்கவில்லை.

மூன்று மீட்டர் ஆழத்தில் நிமிர்ந்து பார்த்தேன். கை நின்றுவிட்டது. குழிச்சுவர் அடுக்கடுக்காக இருந்தது. மேலே ஒரு முழத்துக்கு இன்றைய சரளை. அதன் கீழ் கரி எஞ்சின் காலத்துச் சாம்பல், பஞ்சு மாதிரி, ஒரு ஆள் உயரம். எத்தனை ஆயிரம் எஞ்சின்கள் கொட்டிவிட்டுப் போனது! அதற்கும் கீழே சுத்தமான செம்மண், இங்கே தண்டவாளம் என்ற சொல்லே இல்லாத காலத்து மண். அதன் அடியில் பாறை, பாறையில் விரல் நுழைகிற ஒரு வெடிப்பு. வெடிப்பு நேராகக் கிணற்றைப் பார்த்து ஓடுகிறது. அதன் உதட்டில் வெள்ளையாக ஈரம்.

நான் வரைந்த காகிதத்தில் இந்த இடம் ஒரு வட்டமும் அம்புக்குறியும்தான்.

"சார், மேல ஏறுங்க. தூறுது" என்றார் முத்துராக்கு. வெடிப்பைச் சாக்கும் களிமண்ணும் வைத்து அடைத்து, குழியின் மேல் தார்ப்பாய் இழுத்துக் கட்டினோம். கட்டி முடித்துக் கயிற்றை விடவில்லை, கொட்ட ஆரம்பித்தது.

அக்டோபர் 18

மழை. இன்னும் மழை.

அக்டோபர் 19

கிணற்றுத் தண்ணீர் சோதனை: எண்ணெய் இல்லை. இன்னும் வரவில்லை என்று அர்த்தம். வெடிப்புக்குள் ஏற்கெனவே போனது எங்கே நிற்கிறது என்று தெரியாது.

செய்யக்கூடியது ஒன்றுதான். கிணற்றில் இறைக்க இறைக்க அந்தப் பக்கத்துத் தண்ணீரை அது தன்னிடம் இழுக்கும். யாரும் இறைக்காமல் விட்டால் மழையில் கிணறு உயரும். உயர்ந்தால் உள்ளிருந்து வெளியே தள்ளும், வெடிப்பின் அடைப்பை எடுத்துவிட்டால் வெள்ளைத் தண்ணீர் திரும்பி என் குழிக்குள்ளேயே கசியும், அங்கிருந்து பம்ப் வைத்து எடுத்துவிடலாம். மூன்று வாரம் ஒரு வாளிகூட இறங்கக்கூடாது. நாற்பது வீடு. நடுவில் தீபாவளி.

சாயங்காலம் கிணற்றடியில் எல்லாரையும் கூட்டச் சொன்னேன். நடந்ததைச் சொன்னேன். யார் வாங்கிய சோப்பு என்பதையும்.

ஒரு பெரியவர், "லாரித் தண்ணியில நீ குளிச்சிருக்கியாடே?" என்றார். இல்லை என்றேன். "வாரம் ஒரு லாரி பத்துமா?" என்று ஒரு பெண் கேட்டார். தினம் ஒன்று வரும், குருபாதம் எழுதி வாங்கிவிட்டார் என்றேன். "தீபாவளிக்கு எண்ணெ தேய்ச்சுக் குளிக்கவும் லாரியா?" "எண்ணெயத்தான் இவரே கெணத்துல ஊத்திட்டாரே, நாம அப்படியே முங்கி எந்திரிச்சிர வேண்டியதுதான்." சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முத்துராக்கு கிணற்று மேடைக்குப் போய்த் தன் வீட்டு வாளிக் கயிற்றை உருளையிலிருந்து உருவிச் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். பிறகு அந்தப் பெரியவர். பிறகு ஒவ்வொருவராக. கால் மணி நேரத்தில் மேடையில் கிடந்த கயிறுகளும் போய், உருளை நான்கும் வெறுமையாக நின்றன.

இவர்களிடம் இதைக் கேட்கும் தகுதி எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

அக்டோபர் 27

பம்பில் வெள்ளைத் தண்ணீர் வருகிறது. திரும்பி வருகிறது! ஆய்வகம்: இருநூற்றுப் பத்து.

தினமும் லாரி வரிசையில் முத்துராக்கு ஆறாவதோ ஏழாவதோ நிற்கிறார். நான் அந்தப் பக்கம் போவதில்லை, வேலை இருக்கிறது.

நவம்பர் 2

தொண்ணூறு. தீபாவளிக்கு ஏழு வீட்டிலிருந்து பலகாரம் வந்தது. எதையும் திருப்பி அனுப்ப முடியவில்லை. தட்டுகளைக் கழுவாமல் துடைத்துத் திருப்பிக் கொடுத்தேன்.

நவம்பர் 9

காலை ஒன்பதுக்கு ஆய்வகத்திலிருந்து போன். குழித் தண்ணீர்: நான்கு. கிணறு: எண்ணெய் இல்லை. மூன்று வாரம் நேற்றோடு முடிந்தது.

காலனிக்கு ஓடினேன். என்னைப் பார்த்ததுமே வீடுகளிலிருந்து வெளியே வந்துவிட்டார்கள். குருபாதமும் பின்னால் வந்தார், மூச்சு வாங்க. காகிதத்தை உயர்த்திக் காட்டி, "கிணறு சுத்தம். இறக்கலாம்" என்றேன்.

யாரும் அசையவில்லை. முத்துராக்கு காகிதத்தை வாங்கிப் படித்தார். நிதானமாகப் படித்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"இதுல இன்னைக்கு இல்லன்னுதான போட்டிருக்கு?" என்றார்.

"ஆமா."

"இறைக்க ஆரம்பிச்சா மறுபடி இழுக்கும்னீயள்லா. பாறைக்குள்ள மிச்சம் எதுவும் நின்னுச்சுன்னா?"

இருக்க வாய்ப்பில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். மூடிக்கொண்டேன். "தெரியாது" என்றேன்.

"அப்ப இன்னும் ஒரு வாரம் போட்டும். அடுத்த சோதனையும் பாத்துட்டு எறக்குவோம்." கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். "என்ன சொல்லுதீய எல்லாரும்?"

"மூணு வாரம் பொறுத்தாச்சு. ஒரு வாரத்துல என்ன கொறஞ்சுரப்போறோம்" என்றார் அந்தப் பெரியவர். "லாரிக்காரன் சம்பந்தி மாதிரி ஆயிட்டான்."

நான் தலையாட்டினேன்.

பிறகுதான் யாரோ கிணற்றை எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் பார்த்ததும் எல்லோரும் நெருங்கினார்கள். நானும். மூன்று வார மழையும் யாரும் தொடாத நிம்மதியுமாகச் சேர்ந்து தண்ணீர் மேடைக்கு ஒரு முழம் கீழே வந்து நின்றது. இந்தக் காலனியில் பிறந்தவர்கள்கூட அந்த உயரத்தில் பார்த்ததில்லையாம். கயிறே வேண்டாம், குனிந்து கையை நீட்டினால் போதும். வானமும், சுற்றிலும் நாற்பது வீட்டு முகங்களும், நடுவில் என் முகமும் அதில் ஆடாமல் கிடந்தன.

அப்படியே வெகுநேரம் நின்றோம். ஒருவரும் கையை நீட்டவில்லை.